ஓடும் வயதும் ஓடவேண்டிய மைதானமும்: வயதுப் பிரிவுத் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே தமிழக நகரங்களின் மதில்களில் கோடைப் பயிற்சி முகாம் விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. கால்பந்து, நீச்சல், ஸ்கேட்டிங், சிலம்பம் என எதுவானாலும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் தவறாமல் இருக்கும்: வயது. பெயரை மளமளவென்று எழுதிவிடும் பெற்றோர், இந்தக் கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையே இவ்வாய்வின் தோற்றுவாய்.

ஆய்வு எல்லை: நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள், அவர்தம் பெற்றோர், ஒரு கால்பந்து மைதானம், அதன் வேலியோரம். தாத்தா பாட்டிகளின் கருத்துகள் விரிவஞ்சி விடப்பட்டன.

கருதுகோள்: குழந்தைக்கு வயது ஒன்றல்ல, மூன்று.

மூவகை வயது

அவையாவன: முடிந்த வயது, ஓடும் வயது, சொல்லும் வயது. முதலிரண்டும் "அஞ்சு முடிஞ்சு ஆறு ஓடுது" என்ற வாக்கியத்தில் சேர்ந்தே வரும். மூன்றாவது இடத்துக்கு ஏற்ப மாறும். ரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தமிழக அரசுப் பேருந்துகளிலும் 2022 முதல் ஐந்து வயது வரை கட்டணமில்லை. எனவே பேருந்தில் ஏறும்போது பையனுக்கு நாலரை. மைதானத்து வாசலில் இறங்கியதும் ஏழு. கோப்பை, பதக்கம் என்று பேச்சு வந்தால் மறுபடி ஐந்து. வயது குறைவதற்கு உலகம் லேகியம் தேடிக்கொண்டிருக்க, நம் பெற்றோர் அதை ஒரே காலைப்பொழுதில் இரண்டு முறை சாதிக்கிறார்கள்.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

"பையனுக்கு என்ன வயசு சார்?"

"ஆறு ஓடுது கோச். ஆனா எட்டு வயசுப் பசங்களோடதான் செட் ஆவான். ரொம்ப மெச்சூர்டு."

"முதல்ல அண்டர்-6ல போட்டுப் பாப்போமே சார்."

"அதுல எல்லாம் பொடிசுங்களா இருக்கே!"

இந்தப் பேச்சு நடந்த நேரம் முழுவதும் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒரு பொடிசு ஒளிந்துகொண்டு, சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. மேற்படி மெச்சூர்டு அதுதான்.

முன்னோர் ஆய்வுகள்

வயதுப் பிரிவில் பிள்ளைத்தமிழை விஞ்ச இன்னும் எந்த அகாடமியும் தோன்றவில்லை. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை என்று தொடங்கி, இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவம் வகுப்பது பாட்டியல் மரபு. அதாவது இரண்டு மாதத்துக்கு ஒரு பேட்ச். நம் அகாடமிகளோ நான்கு வயதுக் குழந்தையையும் ஆறு வயதுக் குழந்தையையும் ஒரே பேட்ச்சில் அடைத்து 'கிட்ஸ்' என்று பலகை மாட்டுகின்றன.

அடுத்தது காதுமுறை. பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லாத காலத்தில், பள்ளியில் சேர வந்த பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். எட்டினால் ஒண்ணாங்கிளாஸ், எட்டாவிட்டால் அடுத்த வருஷம். சிறு குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரத்தான் கை காதை எட்டும் என்பதால் இது வெறும் வேடிக்கை அல்ல. சேர்த்த கையோடு தலைமையாசிரியர் மே, ஜூனை ஒட்டி ஒரு பிறந்த தேதியையும் அருளிவிடுவார். இன்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, டிடபிள்யூ3 என்னும் முறையில் எலும்பின் வயதைக் கணிக்கிறது. அன்று வாத்தியாரும் கையைத்தான் பார்த்தார். இன்று வாரியமும் கையைத்தான் பார்க்கிறது. பெற்றோரின் வாயை இருவருமே நம்பவில்லை.

அயலக ஆய்வுகளில் தலையாயது கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் சகாக்களும் 1985ல் வெளியிட்டது. ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப்போன இடத்தில், வீரர்களின் பிறந்த தேதிகள் ஆண்டின் முதல் மாதங்களிலேயே குவிந்திருப்பதை முதலில் கவனித்தவர் அவருடைய மனைவி. அங்கே வயதுக் கணக்குக்கு வெட்டுநாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஐந்து வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருக்கிறான், பந்தை நன்றாக உதைக்கிறான். அதனால் தேர்வாகிறான், கூடுதல் பயிற்சி பெறுகிறான், பிறகு உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். திறமை என்று கைதட்டியதில் பாதி காலண்டருக்குச் சேர வேண்டியது.

நம் ஊரில் குழப்பம் இரட்டிப்பு. தமிழகப் பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31 கணக்கு. செஸ் வயதுப் பிரிவுகளுக்கோ ஜனவரி 1 கணக்கு. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை எல்.கே.ஜி.யில் எல்லாருக்கும் அண்ணன். செஸ் பலகை முன் உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு மேல் தம்பி. காலையில் கெட்டிக்காரன், மாலையில் சுமார் என்று பெயர் வாங்கும் அந்தப் பிள்ளை செய்த குற்றம் ஆகஸ்டில் பிறந்தது மட்டுமே.

களத் தரவு

ஆறு வயதுக்குட்பட்டோர் கால்பந்தில் தற்காப்பு, தாக்குதல் என்ற பாகுபாடு கிடையாது. பந்து இருக்கும் இடத்தில் அனைவரும் இருப்பார்கள், இரு அணிக் கோல்கீப்பர்கள் உட்பட. இதற்கு விலக்காக ஒரு பெண்குழந்தை மைதான நடுவில் குந்தியபடி எறும்புச் சாரியை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தது. அவிழ்ந்த ஷூ லேஸோடு ஒருவன் தன் அணியின் கோலிலேயே பந்தைத் தள்ளினான். இரண்டு அணிகளும் சேர்ந்து அவனைக் கட்டிக்கொண்டன.

மைதானத்தின் மறுபாதியில் பத்து வயதுப் பிரிவு. அங்கே வயதைக் கூட்டிச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவன் ஓரமாக நின்றான். எட்டு வயதுக்குள் 3ஆம் எண் பந்து, அதற்குமேல் பன்னிரண்டு வரை 4ஆம் எண் பந்து என்பது வழக்கம். அந்த 4ஆம் எண் பந்து ஒருமுறை அவனிடம் வந்தது. உதைத்தான். பந்து நின்ற இடத்திலேயே இருந்தது. பையன் பின்னால் போய் விழுந்தான். வேலிக்கு வெளியே ஒரு குரல், "ஃபோகஸ் பண்ணுடா கண்ணா!"

முடிவுகள்

1. பிள்ளையை மேல்பிரிவில் தள்ளுவோர், கீழ்ப்பிரிவில் ஒளிப்போர் எனப் பெற்றோர் இருவகையினர். முன்னவருக்கு வேண்டியது பெருமை. பின்னவருக்கு வேண்டியது கோப்பை. பிள்ளைக்கு வேண்டியது பந்து.

2. ஆகவே பந்து அடிக்கடி காலில் படுகிற பிரிவே சரியான பிரிவு. நீச்சலானால் நின்றால் தலை நீருக்கு மேல் இருக்கிற ஆழம்.

3. வெட்டுநாளையொட்டிப் பிறந்து பிரிவில் கடைக்குட்டியான பிள்ளையை ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மதிப்பிடுக. அதற்குள் 'இவனுக்கு ஸ்போர்ட்ஸ் வராது' என்று உறவினர் வீடுகளில் தீர்ப்பு வழங்கற்க.

வாய்மொழித் தேர்வு

எந்த ஆய்வேடும் புறத்தேர்வாளர் முன் நின்றாக வேண்டும். இங்கே அவர் வயது ஆறு ஓடுகிறது. வகுப்பு முடிந்து வண்டியின் முன்னால் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நாளைக்கும் கிளாஸ் இருக்காப்பா?" ஷூவைக் கழற்ற மறுத்துக்கொண்டே கேட்டால் பிரிவு சரி, கட்டணத்தைக் கட்டலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டால் படிவத்தைத் திரும்ப வாங்கி, பேருந்தில் சொன்ன வயதை எழுதிக் கொடுக்கவும்.