பெழோக்காரர்

பாண்டி வீராம்பட்டினத்தில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்து வெகுகாலமாயிற்று. கட்டுமரத்தில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை ஃபைபராக மாற்ற எந்த மீனவரும் மெனக்கெடவில்லை. நம்ம பெழோக்காரர் அந்தத் திருப்பணியைச் சைக்கிளில் நடத்திவருகிறார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அப்பா விட்டுப்போன ரேஸ் சைக்கிள். அதைச் சைக்கிள் என்றால் அவர் முகம் சுருங்கும். செய்த பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரால், பெழோ என்று ழகரம் பிசகாமல் சொல்ல வேண்டும். பாரம்பரியமாம்! அந்தப் பாரம்பரியத்தில் உப்புக்காற்று தின்றது போக மிச்சம் பிரேம் மட்டும்தான். மற்றதெல்லாம் புது ஷிமானோ.

பிரேமோ பழைய ஐந்து பல்சக்கரக் காலத்தது. பின்பக்க இடைவெளி 120 மி.மீ. புது ஹப்புக்கு 130 வேண்டும். திருகுக்கம்பியும் நட்டுமாக வைத்து, நாளுக்கு ஒரு சுற்று என்று பிரேமை விரித்தார். ஹேண்டில்பார் தண்டு 22.2, பிரேம் கேட்பது 22. உப்புத்தாளோடு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாள் தேய்த்தார். வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது அந்த இரண்டு நாளும் அவர் காதில் விழவில்லை.

கிராங்கு அச்சைத் தாங்கும் பிபி கப்பில்தான் சனி பிடித்தது. கடையில் கிடைப்பது பிஎஸ்ஏ என்ற இங்கிலீஷ் மரை, 1.37 அங்குலம். அதாவது 34.8 மி.மீ. பிரெஞ்சு மரை 35. பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே ஏறாது. 1761இல் பாண்டியை இடித்த இங்கிலீஷ்காரனோடு பிரெஞ்சுக்காரனுக்கு இருந்த பகை, அந்தச் சின்னக் கூட்டுக்குள் இன்னும் தீரவில்லை. ஒருவழியாக எங்கிருந்தோ பிரெஞ்சு கப்பே வரவழைத்தார். அதில் வேறு வில்லங்கம். வலது கப்புக்கு இங்கிலீஷ்காரன் இடமரை வைத்தான். பிரெஞ்சுக்காரன் இரண்டு பக்கமும் வலமரை வைத்துவிட்டான். மிதிக்க மிதிக்க வலது கப் தானே தளரும்.

“இந்தக் காசுக்கு ரெண்டு புது வண்டி வாங்கியிருக்கலாம்” என்றார் சைக்கிள் கடைக்காரர். “செங்கழுநீர் அம்மன் தேரைப் பாருங்க. அன்னிக்கு பிரெஞ்சு கவர்னர் வடம் புடிச்சார், இன்னிக்கு நம்ம ஆளுநர் புடிக்கிறார். ஆள்தானே மாறுது? தேரையா மாத்துறோம்?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார் பெழோக்காரர். எனக்குமே பதில் தோன்றவில்லை.

வெள்ளோட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்ததும் ஆடி ஐந்தாம் வெள்ளி, தேர்த்திருவிழா நாள்தான். தெருமுனை தாண்டவில்லை, கிராங்கு லொடலொடவென்றது. இறங்கி, குனிந்து, வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

மீன்கூடையை இறக்கிவைத்த ஆயா கேட்டார்: “இன்னாப்பா ஆச்சு?”

“மரை கழண்டுடுச்சு ஆயா.”

“அது ஊருக்கே தெரியும். வண்டிக்கு இன்னா ஆச்சு?”