காமராஜர் ஜெயித்திருந்தால், கமா

நான் பறவையாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டெஸ்பாட்ச் பார்க்கிற வேலை இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற ஒருவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

எல்லாம் சின்ன முதலாளியின் ஏற்பாடு. வடக்கத்திப் பார்ட்டிகளோடு இனி இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். அந்தப் பார்ட்டிகள் எங்களோடு இந்தியில் பேசுவார்கள், நாங்கள் ‘அச்சா’ என்போம், சரக்கு போகும். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்தது. இப்போது வாராவாரம் ஷிப்ட் முடிந்ததும் பைண்டிங் செக்‌ஷனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. பேப்பர் ரீம் மேல் உட்கார்ந்துதான் பாடம். சொல்லிக்கொடுக்க வருகிற மிஸ்ஸுக்கு என் மகள் வயது இருக்கும். நல்ல பிள்ளைதான். ஆனால் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

‘இஃப் ஐ வேர் எ பேர்ட்’ என்று கரும்பலகையில் எழுதி, மிச்சத்தை நிரப்பச் சொன்னார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் ஒரு தடவையாவது இந்தப் பறவையாக ஆகாமல் தப்பித்திருக்க முடியாது. நானும் எழுதினேன்: ‘இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் கோ டு வேட்டங்குடி பிஃபோர் தீபாவளி.’ வேர் இருக்கிறது, வுட் இருக்கிறது, நடுவில் கமாகூட இருக்கிறது. மிஸ் வேட்டங்குடியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, “சும்மா ‘ஐ வுட் ஃப்ளை’ன்னு முடிச்சாப் போதும் சார்” என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சிவகாசியில் முட்டையிலிருந்து வெளியே வந்த, கொஞ்சமாவது புத்தி உள்ள ஒரு பறவை ஐப்பசி மாதத்தில் வேறு எங்கே போகும்? சும்மா பறக்குமாம். எங்கே என்று கேட்க மாட்டார்களாம்.

மிஸ் கையில் ரென் அண்ட் மார்ட்டின் இருந்தது. என் அப்பா காலத்திலிருந்து இதே புத்தகம்தான். அதில் ரென் என்பவர் ‘போ ஜெஸ்ட்’ என்று 1924-ல் ஒரு சாகச நாவல் எழுதியவர். பிரெஞ்சுப் பட்டாளம், பாலைவனம், துப்பாக்கிச் சூடு என்று ஒரே அமர்க்களம். அப்பேர்ப்பட்ட ஆள் இலக்கணம் எழுத உட்கார்ந்ததும் ஏன் இப்படி அடங்கிப்போனார் என்று தெரியவில்லை.

வகுப்பின்படி ‘இஃப்’ மூன்று வகை. டைப் ஒன், நடக்கக்கூடியது. டைப் டூ, நடக்காதது. டைப் த்ரீ, நடக்காமலே போனது. நடக்காததற்கும் நடக்காமலே போனதற்கும் ஒரு நுட்பமான வித்தியாசம் உண்டு. முதலில் டைப் ஒன்னை முடித்துவிடலாம், அது எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிவகாசித் தொழில் மொத்தமும் அதில்தான் ஓடுகிறது. அட்வான்ஸ் வந்தால் பிளேட் போடுவோம். பிளேட் போட்டால் மிஷின் ஏறும். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டால் மார்கழிக்குள் சரக்கு போயாக வேண்டும். இத்தனை ‘ஆல்’ போட்டு நாங்கள் அச்சடிக்கிற தினசரி காலண்டரின் ராசிபலனில் மட்டும் ஒரு நிபந்தனையும் கிடையாது. மேஷத்துக்கு ‘வரவு’, கடகத்துக்கு ‘சோர்வு’, அவ்வளவுதான், போய் வேலையைப் பார் என்று ஒரே சொல்.

டைப் த்ரீக்கு வருகிறேன். அதற்கு எங்கள் ஊர்க்காரனுக்கு வகுப்பு தேவையே இல்லை. வேலைதான் சிவகாசியில், எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். ராத்திரி எந்த எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜையில் ஒருவர் ஆரம்பித்திருப்பார். “எண்பத்தஞ்சுல மாவட்டம் பிரிச்சப்பவே கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு அஞ்சு சென்ட் வாங்கிப் போட்ருந்தா...” அதோடு நிறுத்திவிட்டு சால்னாவைக் கேட்பார். அன்றைக்குக் கையில் பணம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை, அது அநாகரிகம். நானும் மதுரை ரோட்டில் இரண்டு மனை, சூலக்கரையில் ஒன்று வாங்காமல் விட்டு வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் இன்றைய விலை எனக்கு அத்துபடி.

ஆனால் நிலமெல்லாம் சில்லறை. எங்கள் ஊரின் மொத்த வியாபார டைப் த்ரீ 1967.

அந்த வருஷச் சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் பிறந்த மண்ணிலேயே தோற்றார். எதிரில் நின்றவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. விருதுநகர்க்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் மனைவியின் பிறந்தநாளைத் தப்பாகச் சொல்வான், இந்த எண்ணைத் தப்பாகச் சொல்ல மாட்டான். 1964-ல் சாஸ்திரியையும் 1966-ல் இந்திராவையும் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்த மனிதரை 1,285 பேர் சேர்ந்து உட்கார வைத்துவிட்டார்கள். 1,285 பேர்கூட வேண்டாம். 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் ஒரே ஓட்டில் ஜெயித்திருப்பார். இந்தக் கணக்கைப் போட்டது நான் இல்லை, பரோட்டாக் கடை கல்லாவில் இருப்பவர்.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்த 643 பேரில் ஒருவரைக்கூட இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் நான் சந்தித்த அத்தனை குடும்பமும் காமராஜருக்குத்தான் போட்டது. என் பெரியப்பா போட்டார். எதிர்வீட்டுத் தாத்தா கழகக்காரர், வீட்டு நிலைக்கே கறுப்பு சிவப்பு அடித்தவர், ‘அன்னைக்கு மட்டும்’ காமராஜருக்குப் போட்டாராம். பருப்புக் கமிஷன் கடை அண்ணாச்சி ஒருவர் “நான் போட்ட ஓட்டு வீணாப் போச்சே” என்று ஒருநாள் கண் கலங்கினார். அவர் பிறந்தது 1964-ல். அன்றைக்கு ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். போட முடியாமல் போனவர்களும் உண்டு: ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனவர், ஒரு பாட்டி சாவடியில் கால் வலித்துத் திரும்பியவர். காய்ச்சல் விட்டிருந்தால், கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளியிருந்தால், பாட்டிக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தால். காமராஜருக்குப் போட்டதாக இன்று சொல்கிறவர்கள் எல்லோரும் அன்று போட்டிருந்தால், எதிராளிக்கு டெபாசிட் போயிருக்கும். இதைவிடச் சுத்தமான டைப் த்ரீ ரென்னிடமும் கிடையாது, மார்ட்டினிடமும் கிடையாது.

விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த காமராஜர், படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஒரு கட்சி. எழுந்து நாலு தெரு நடந்திருந்தால் என்று ஒரு கட்சி. நாகர்கோவில்காரர் யாராவது கடைக்குள் வந்துவிட்டால் பேச்சு சட்டென்று அரிசி விலைக்கு மாறிவிடும். 1969 இடைத்தேர்தலில் அவரை ஜெயிக்க வைத்து அனுப்பியது அவர்கள்.

இவ்வளவு சரக்கையும் வைத்துக்கொண்டு மிஸ் “டைப் த்ரீக்கு யாராவது ஒரு எக்ஸாம்பிள்?” என்று கேட்டபோது நான் எப்படிச் சும்மா இருப்பேன்? எழுந்து நின்று, “இஃப் காமராஜ் ஹேட் வன் இன் நைன்டீன் சிக்ஸ்டி செவன், கமா” என்றேன். மிஸ் முகம் மலர்ந்தது. “வெரி குட்! மெயின் கிளாஸ்?” என்றார்.

அங்கேதான் வகுப்பு உடைந்தது. ஆப்செட்காரர் “நாடே மாறியிருக்கும்” என்றார். தகரம் அடிக்கிற பிரிவிலிருந்து “என்னத்த மாறியிருக்கும்? முதலமைச்சர் பக்தவத்சலமே தோத்தாரு, காங்கிரஸே கவுந்துச்சு. இவர் ஜெயிச்சு எதிர்க்கட்சி வரிசையில தனியா உக்காந்திருப்பாரு” என்று ஒரு குரல். “தனியா உக்காந்தாலும் அவரு உக்காந்திருப்பாருல்ல!” என்று கட்டிங் மிஷின் அண்ணன் ரீமிலிருந்து எழுந்துவிட்டார். “பட்டிக்காட்டுக்கெல்லாம் காலேஜ் வந்திருக்கும்.” “காலேஜ் வந்திருந்தா நீ ஏன் இங்க கட்டிங்ல நிக்கப் போற?” “அதத்தான்யா நானும் சொல்றேன்!” மிஸ் “இங்கிலீஷ்ல, இங்கிலீஷ்ல” என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் லைட்டை அணைக்க வரும்வரை மெயின் கிளாஸ் முடிவாகவில்லை. இன்றைக்கும் அந்த வாக்கியம் என் நோட்டில் கமாவோடு நிற்கிறது.

அடுத்த வகுப்பில் சிவகாசிக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மழை பெய்திருந்தால். இந்தக் கரிசலில் ஒழுங்காக மழை பெய்திருந்தால் 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறியிருக்க மாட்டார்கள். தீப்பெட்டி இல்லாவிட்டால் பட்டாசு இல்லை, பட்டாசுக்கு லேபிள் அடிக்க அச்சகம் இல்லை, அச்சகம் இல்லாவிட்டால் இந்த வகுப்பும் இல்லை. கடைசிக் கண்ணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது அதே ஊரில் தீபாவளிக்கு மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துத் திட்டுகிறார்கள்.

டைப் த்ரீயைப் பிழையில்லாமல் எழுதுகிற அதிகாரிகள் கூட்டம் ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. ஒவ்வொரு பட்டாசு ஆலை விபத்துக்கும் மறுநாள் எழுதுவார்கள். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இல்லாமல் இருந்திருந்தால். மரத்தடியில் வைத்து மருந்து அடைக்காமல் இருந்திருந்தால். ஆலையை உள்குத்தகைக்கு விடாமல் இருந்திருந்தால். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30 பேருக்கு மேல் போனார்கள், அதில் நிறையப் பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, புகையைப் பார்த்துவிட்டு ஓடிப்போன சுற்றுப்பட்டு ஜனங்கள். அதற்குப் பிறகும் அதே வாக்கியம், அதே உராய்வுக் காரணம், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. நாக்பூரிலிருந்து ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை முந்தின நாளே, டைப் ஒன்னில், ஆலை வாசலில் வந்து சொல்லத் தெரியாதா? பறவை, ராஜா, கோடீஸ்வரன் என்று எழுத வைக்கிற ஒரு புத்தகமாவது ‘இன்று நீ இதைத் தடுத்தால்’ என்று ஒரு பயிற்சி கொடுக்கிறதா? மிஸ்ஸிடம் கேட்டேன். “சிலபஸ்ல இல்ல சார்” என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

கடைசிப் பயிற்சி, வேலைக்கு உதவுகிற மாதிரி ஒரு கடிதம். போன வருஷக் காலண்டருக்கு இன்னும் பணம் அனுப்பாத பாட்னா பார்ட்டிக்கு எழுதினேன். ‘இஃப் யூ ஹேட் பெய்ட் இன் டிசம்பர், வீ வுட் நாட் ஹேவ் ரிட்டன் திஸ் லெட்டர்.’ முதல் தடவையாக வட்டம் இல்லை. பக்கத்தில் ஒரு ‘குட்’. அன்றைக்கே மெயில் போனது, மறுநாளே பதிலும் வந்தது. ‘இஃப் த காலண்டர்ஸ் ஹேட் ரீச்ட் பிஃபோர் நியூ இயர், வீ வுட் ஹேவ் பெய்ட் இன் டிசம்பர்.’ லாரியில் ஏற்றிய ரசீது டிசம்பர் தேதியோடு என் மேஜையிலேயே இருக்கிறது. லாரி நாக்பூரில் நின்ற கதையை நான் எழுதவில்லை, அதற்கு எத்தனாவது டைப் வேண்டுமோ.

சின்ன முதலாளி இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கிறார். “பாத்தீங்களா அண்ணாச்சி, கம்யூனிகேஷன் எவ்வளவு இம்ப்ரூவ் ஆயிருக்கு!” என்று தோளில் தட்டினார். பணம் வரவில்லை.