நீ இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கே: சர்க்யூட் படத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே ஆரம்பிக்க? (பாலிடெக்னிக் மாணவர், தேனி)

ப: 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சின்ன பவர் சப்ளை போர்டில், தம்பி. ஒவ்வொரு பார்ட்டிடமும் ஒரே கேள்வி கேள்: 'நீ இல்லாவிட்டால் என்ன ஆகும்?' வாய் திறக்காதவனும் தன் வேலையை ஒப்புக்கொள்வான்.

கே: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால்? (கரூர் வாசகி)

ப: 230 நேரே உள்ளே வரும். இருந்தால் 9 வோல்ட்தான். அதன் இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாது. காந்தப்புலம் தூது போகும். தொடாத அந்த இடைவெளிதான் உங்கள் விரலுக்கு ஆயுள் காப்பீடு.

கே: டையோடு நான்கு எதற்கு? ஒன்று போதாதா? (கணக்கு வாத்தியார், நெல்லை)

ப: டையோடு ஒருவழிப் பாதை. ஒன்றே இருந்தால் ஏ.சி. அலையில் பாதி வீண். நான்கைப் பிணைத்தால் இரண்டு பாதியும் ஒரே திசைக்குத் திரும்பும். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டைக் கடக்க வேண்டும். ஆளுக்குச் சுமார் 0.7 வோல்ட் வசூல். நல்ல ரோட்டில் டோல்கேட் இருக்கத்தானே செய்யும்!

கே: 'கண்டென்சர் போச்சு' என்கிறார் ரேடியோ கடைக்காரர். அது என்ன செய்துகொண்டிருந்தது? (இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. டையோடைத் தாண்டிய மின்சாரம் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஏறும்போது சேர்த்து, இறங்கும்போது எடுத்துக் கொடுக்கும் அஞ்சறைப் பெட்டி அது. பெட்டி காலி, ரேடியோ 'ஊம்' என்று அழுகிறது.

கே: 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சரில் 11 காட்டுகிறது. மீட்டர் பொய் சொல்கிறதா? (அதே வாத்தியார்)

ப: இல்லை ஐயா. 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 12.7. டோல்கேட்டில் 1.4 போனால் 11.3. கண்டென்சர் உச்சியில்தான் உண்டியலை நீட்டும்!

கே: பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். செல்போன் சார்ஜரைப் பிரித்துத் தொடலாமா? (ஆர்வக்கோளாறு, ஓசூர்)

ப: கூடவே கூடாது. அதிலுள்ள கண்டென்சர் 325 வோல்ட் வரை தேக்கியிருக்கலாம். சண்டை முடிந்தாலும் கோபம் உடனே தணியாது.

கே: 7805 தொட்டால் சுடுகிறதே, கெட்டுவிட்டதா? (மதுரைக்காரர்)

ப: உழைக்கிறது. வோல்ட்டை ஐந்தில் நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் அது. பெயரிலேயே ஜாதகம்: 78 என்றால் பாசிட்டிவ், 05 என்றால் ஐந்து வோல்ட். 11 வோல்ட் உள்ளே வந்து 1 ஆம்பியர் போனால், மிச்ச 6 வோல்ட் 6 வாட் சூடாகும். முதுகில் அலுமினியத் தகடு மாட்டுங்கள். உழைப்பாளிக்கு விசிறுவது புண்ணியம்.

கே: இந்தப் போர்டில் டிரான்சிஸ்டரே காணோமே? (திருச்சி வாசகர்)

ப: 7805-இன் கறுப்புச் சட்டைக்குள் கூட்டமாகவே இருக்கின்றன. டிரான்சிஸ்டர் 1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூவருக்கும் 1956-இல் நோபல். சிறு கரண்டால் பெரும் கரண்டை அடக்கும் வித்தை. அங்குசம் சின்னதுதான், யானை கேட்கிறதே!

கே: சிவப்பு எல்.இ.டி.க்கு ரெசிஸ்டரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? (தேனி மாணவரேதான்)

ப: எங்கே வைத்தாலும் சரி. 5 வோல்ட்டில் எல்.இ.டி. சுமார் 2 எடுத்தால் மீதி 3. 330 ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர். ஒரே வரிசை, ஒரே கரண்ட். எந்தப் பெட்டியில் சங்கிலியை இழுத்தாலும் ரயில் முழுதும்தானே நிற்கும்?

கே: எல்லாவற்றிலும் உயர்ந்த பார்ட் எது? (சேலம் வாசகி)

ப: ஃபியூஸ். மற்றவை வாழ்ந்து வேலை செய்யும்; இது செத்து வேலை செய்யும். அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். 'நீ இல்லாவிட்டால்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, அப்புறம் போர்டே மிஞ்சாது.