128 ஜிபி போதாதாம்

ஹைதராபாத் கச்சிபௌலியில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனாலும் ‘கிளவுட்’ பேச்சுதான். அப்படி ஒன்றின் ஏசி அறையில் நான் பழைய டேப்புகளோடு குடித்தனம் நடத்துகிறேன். எண்ணெய் தேடித் தரைக்குள் வெடி வைத்து, அதிர்வைப் பதிவு செய்த டேப்புகள். படித்துப் புது டேப்பில் ஏற்ற வேண்டும்.

லேபிளில் சர்வே எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம்கூட இருக்கும். பிளாக் சைஸ் மட்டும் இருக்காது. எழுதியவர் ரிட்டயராகிவிட்டார். போனில் பிடித்தால், “அதெல்லாம் டிரைவே பாத்துக்கும் தம்பி” என்கிறார்.

பார்த்துக்கொள்ளாது. டேப்பில் ஒரே மூச்சில் எழுதும் துண்டுதான் பிளாக்; அது எவ்வளவு பெரிது என்பது எழுதுபவர் இஷ்டம். படித்தால்தான் அளவு தெரியும், அளவு தெரிந்தால்தான் படிக்க முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

லினக்ஸில் டிடி என்றொரு கட்டளை உண்டு. அளவு சொல்லாவிட்டால் 512 பைட்தான் கேட்கும். டேப்பில் இருப்பது அதைவிடப் பெரிய பிளாக் என்றால், ‘மெமரி ஒதுக்க முடியவில்லை’ என்று திரையில் ஒரு ஒப்பாரி. சர்வரில் இருப்பதோ 128 ஜிபி! எட்டிப் பார்த்த மேனேஜர், இன்னும் 128 ஜிபி வாங்கச் சொல்லி பர்ச்சேஸுக்கு மெயில் தட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை. வருகிற லட்சுமியை யார் தடுப்பார்கள்?

வைத்தியம் செலவில்லாதது. எம்டி கட்டளையில் செட்பிளாக் 0 கொடுத்தால் டிரைவ் வேரியபிள் பிளாக்குக்கு வந்துவிடும். பிறகு டிடியில் பிஎஸ் 1 எம்பி, கவுண்ட் 1. எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் டேப் ஒரே ஒரு பிளாக்கைத்தான் தரும். வந்த ஃபைல் எத்தனை பைட்டோ, அதுதான் பிளாக் சைஸ். 10,240 என்று வந்தால் பெரும்பாலும் யாரோ டார் போட்டிருக்கிறார்கள்: 512 பைட், 20 தடவை. டிவைஸ் பெயர் என்எஸ்டி0 ஆக இருக்கட்டும். எஸ்டி0 என்றால் ஒவ்வொரு தடவையும் டேப்பை முதலுக்கே சுற்றிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும்.

எனக்கு வந்தது 3,200. பார்த்ததும் புரிந்துவிட்டது, செக்-ஒய். அதிர்வுப் பதிவுகளுக்கென்று 1975இல் வந்த ஃபார்மட். வரிக்கு 80 எழுத்தாக 40 வரி, பஞ்ச் கார்டு காலத்து வழக்கம். திறந்தால் கிறுக்கல். எப்சிடிக் எழுத்தை ஆஸ்கிக்கு மாற்றியதும் வரிக்கு வரி ‘சி’ போட்டுக்கொண்டு காவிரிப் படுகை என்று வந்து நின்றது. நம்ம ஊர் வயலுக்கு அடியில் இருப்பதைக் கச்சிபௌலியில் உட்கார்ந்து படிக்கிறேன்!

அடுத்த பிளாக் 400. அதற்கப்புறம் வந்ததெல்லாம் 6,240: தலைப்புக்கு 240, நாலு பைட் வீதம் 1,500 அதிர்வு அளவுகளுக்கு 6,000. மேனேஜரின் எக்செலில் ‘பிளாக் சைஸ்’ என்று ஒரே ஒரு கட்டம். மூன்று எண்ணையும் சொன்னேன்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்.”

“மூணும்தான் சார்.”

கால்குலேட்டரை எடுத்தார். சராசரி போட்டார். வாடிக்கையாளருக்குப் போன ரிப்போர்ட்டில் பிளாக் சைஸ் 3,280. அந்த அளவில் அந்த டேப்பில் ஒரு பிளாக்கூடக் கிடையாது.