'வெறி பத்தல' அண்ணாச்சி

கோவில்பட்டியில் ஆக்கி பார்க்கப் போகிறவர்கள் அவரிடமிருந்து தப்ப முடியாது. கேலரியில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் முன் வரிசையிலோ பின் வரிசையிலோ அவர் இருப்பார். ஒருவரல்ல, பலர். ஆனால் எல்லோரும் ஒரே ஆள்தான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கடை வைத்திருப்பார், அல்லது எங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். ஊர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். ஊரில் பாதிப் பேர் அண்ணாச்சிதான் என்பதால் அதற்கு மேல் பெயர் தேவைப்படுவதில்லை. சட்டைப் பையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கொஞ்சம் கௌரவமாகவே கடிக்கிறார். ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடம். பந்து இன்னும் நடுக்கோட்டை ஒழுங்காகத் தாண்டியிருக்காது. அதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"வெறி பத்தல."

ஹாக்கி என்று எழுதுவதே அவருக்குப் பிடிக்காது. 'ஹ' போட்டால் வாயிலிருந்து காற்றுதான் வருகிறது, வேகம் வரவில்லை என்பார். ஆக்கி. அதுதான் வார்த்தை. அடித்து வைத்த மாதிரி இருக்க வேண்டும்.

யார் ஆளை விட்டார், எந்தப் பக்கம் ஓட்டை, வலது ஓரத்தில் ஏன் யாருமே இல்லை என்று கேட்டால் பதில் வராது. "அதெல்லாம் கோச்சு சோலி. எனக்கு மூஞ்சில தெரியணும்." அவருடைய ஆக்கி அறிவு முழுவதும் ஆட்டக்காரர்களின் கழுத்துக்கு மேலே நடக்கிறது. பல்லைக் கடித்தால் நல்ல ஆட்டம். வானத்தைப் பார்த்துக் கத்தினால் மிக நல்ல ஆட்டம். கோல் விட்ட பிறகு ஒருவன் அமைதியாக நடந்து வந்து, பந்தை நடுப்புள்ளியில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனால், அவன் காசு வாங்கிவிட்டான்.

இவர் இந்த ஊரில் விளைந்ததற்குக் காரணம் உண்டு. கரிசல் மண்ணில் பருத்திக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடி ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஆக்கியைத்தான். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் டீக்கடைப் பேச்சே மாறிவிடும். அரசு விளையாட்டு விடுதிப் பையன்கள் விடிவதற்குள் மட்டையோடு ஓடுவதைப் பார்த்துத்தான் பால்காரர் மணி தெரிந்துகொள்கிறார். இங்கே பழகிய மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்கள். கார்த்தி, பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கோலும் அடித்தார். "நான் சின்ன வயசுலயே சொன்னேன்" என்று அன்று அண்ணாச்சிகள் அத்தனை பேரும் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பதை விடுதிப் பையன்களிடம் கேட்டால் தெரியும். 'வெறி பத்தல' என்றுதான்.

அண்ணாச்சிக்கு ஒரு நிரந்தர எதிர்க்கட்சி உண்டு. பக்கத்தில் உட்காரும் பி.டி. வாத்தியார். முன்னாள் ஆட்டக்காரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்க முடியாமல், ஒரு ஆட்டத்தைக்கூடத் தனியாகப் பார்த்ததில்லை.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 1-7. அண்ணாச்சி டி.வி.யை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் வாங்கிய அதே 1-7. இளம் வயதில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. "உணர்ச்சியே இல்லாத பயலுவ. செத்த பாம்பு மாதிரி ஆடுதானுவ" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். இரண்டு நாள் கழித்து அதே பயல்கள் ஸ்பெயினை 3-0 என்று அடித்தார்கள். பதினோராவது நாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று ஜெயித்தார்கள். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் ஆக்கிப் பதக்கம்.

"பாத்தீரா? அரை நேரத்துல கோச்சு உசுப்பேத்தியிருக்கான். அதான் வெறி" என்றார் அண்ணாச்சி.

வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார். 27-ஆவது நிமிடம் ஹர்திக் சிங், 29-ஆவது நிமிடம் ஹர்மன்பிரீத் சிங். 3-3. அரை நேரம் வருவதே 30-ஆவது நிமிடத்தில். "கோச்சு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே சமமாயிருச்சு அண்ணாச்சி."

"அப்ப மொத நாளே பேசியிருப்பான்" என்றார் அவர்.

இந்த அரை நேரப் பேச்சு விவகாரம் அவருக்கு சினிமாவிலிருந்து வந்தது. 'சக் தே இந்தியா' வந்த 2007-இல் அவர் மூன்று தடவை பார்த்தார். இந்தி தெரியாது, தேவையும் படவில்லை, மூஞ்சியில்தான் எல்லாம் தெரிகிறதே. அந்தப் படத்தில் பயிற்சியாளர் எழுபது நிமிடத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அவருக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் சர்வதேச ஆட்டம் எப்போதோ 15 நிமிடக் கால்பகுதிகள் நாலு, மொத்தம் 60 என்று ஆகிவிட்டது. அந்தப் பேச்சை இப்போது யாராவது பேசினால், ஆட்டம் முடிந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு வெறி மிச்சம் இருக்கும். அதை வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அண்ணாச்சி அதைத்தான் செய்கிறார்.

பயிற்சியாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம். கால்பகுதிகளுக்கு இடையே இரண்டு நிமிடம். அதில் ஒருவர் சின்ன வெள்ளைப் பலகையில் காந்தப் பொட்டுகளை நகர்த்துகிறார். ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். முன்வரிசை ஆட்டக்காரன் சில நிமிடம் பாய்ந்து ஓடிவிட்டு வெளியே வந்து உட்காருகிறான், இன்னொருவன் உள்ளே போகிறான். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். "இப்படி வாடகை சைக்கிள் மாதிரி எடுத்து எடுத்து விட்டா எவனுக்குவே உணர்ச்சி வரும்? எங்க காலத்துல ஒருத்தன் உள்ள போனா கால் ஒடிஞ்சாத்தான் வெளிய வருவான்." அவர் காலத்தில் மண் தரை. முழங்கால் தோல் போகும், பார்க்கிறவருக்கும் ஒரு திருப்தி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்தியா, மாண்ட்ரியலில் ஏழாவது இடத்துக்குப் போனது. மண்ணோடு வெறியும் போய்விட்டது என்பது அவர் கட்சி. தரை வேகமானது, பந்து குதிக்காமல் ஓடியது, ஓடியவர்களுக்கு அந்தத் தரையில் பழக இடமில்லை என்பது வாத்தியார் கட்சி. இந்த வழக்கு ஐம்பது வருடமாக நிலுவையில் இருக்கிறது.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் ஒரு நாள் அவர் மிகவும் உற்சாகமாக வந்தார். அணிக்கு மனப் பயிற்சியாளராக பேடி அப்டன் என்பவரை வைத்திருக்கிறார்களாம். மைக் ஹார்ன் என்ற சாகசக்காரரிடம் மூன்று நாள் சுவிட்சர்லாந்து மலைக்கு அனுப்பினார்களாம். "இப்பத்தான் உருப்பட்டிருக்கானுவ. வெறி ஏத்த ஆள் போட்டிருக்கான்."

"வெறி ஏத்த இல்ல அண்ணாச்சி. பதறாம இருக்கச் சொல்லிக் குடுக்க."

அன்று அவர் கடலைமிட்டாய் யாருக்கும் தரவில்லை.

அவருடைய கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் தெய்வம் தன்ராஜ் பிள்ளை. கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை. காற்றில் தலைமுடி பறக்க ஓடும்போது கோபமும் கூடவே ஓடும். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கியது. "அது மூஞ்சி" என்பார் அண்ணாச்சி. அந்த இறுதி ஆட்டத்தில் கொரியாவுக்கு எதிராகக் கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்துக் காப்பாற்றியவர் கோல்கீப்பர் ஆசிஷ் பல்லால் என்று வாத்தியார் நினைவூட்டுவார். ஆனாலும் தன்ராஜ் பந்தோடு வலது பக்கம் பாய்ந்தபோது கேலரியே எழுந்து நின்றதை அவராலும் மறுக்க முடியாது. அந்த ஆட்டத்தில் கோபம் கால்களுக்குள் போய் வேகமாக வெளியே வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது என்பதுதான் சிக்கல்.

வராதவர்களின் பட்டியலும் வாத்தியாரிடம் உண்டு. 1972 மியூனிக் இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் ஒரு கோலில் தோற்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் பதக்க மேடையில் காட்டிய உணர்ச்சிக்கு வாழ்நாள் தடை கிடைத்தது, பிறகுதான் தளர்த்தினார்கள். 2014 புவனேஸ்வர் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் பாகிஸ்தான் இந்தியாவை 4-3 என்று வென்றது. வென்ற கையோடு சிலர் சட்டையைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்துக் காட்டிய சைகைகளால், இரண்டு பேருக்கு இறுதி ஆட்டத்தில் ஆடத் தடை. ஜெர்மனியிடம் 0-2. "ஜெயிச்ச வெறிக்கே ஒரு கோப்பை போச்சு பாத்தீங்களா?" அண்ணாச்சி இந்த இடத்தில் மட்டும் எல்லை தாண்டிய நீதிமானாகி, "நம்மகிட்ட காட்டியிருக்கக் கூடாதுதான்" என்பார்.

ஆட்டத்தின் சட்டமே அவருக்கு விரோதம். பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து. சிவப்பு என்றால் அன்றைய கதை முடிந்தது. உணர்ச்சியை நிமிடக் கணக்கில் வட்டி போட்டு வசூலிக்கிற விளையாட்டு இது.

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் காலிறுதி. எதிரே கிரேட் பிரிட்டன். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிராளியின் முகத்தில் பட்டு, சிவப்பு அட்டை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று இந்தியத் தரப்பு வாதாடியது, நடக்கவில்லை. மிச்சம் 43 நிமிடம், பத்துப் பேர். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். இப்போது வெறி வர வேண்டும், வந்தே ஆக வேண்டும். வரவில்லை. அந்தப் பத்துப் பேரும் ஒருவரும் கத்தாமல், யாரையும் முறைக்காமல், வரிசையைச் சுருக்கி, இடத்தை அடைத்து, ஒரு ஆள் குறைவு என்பதையே மறைத்துவிட்டார்கள். ஹர்மன்பிரீத் ஒரு கோலும் போட்டார். 1-1. ஷூட்அவுட்டில் 4-2. கல்யாண வீட்டில் சமையல்காரர் பாதியில் போய்விட்டால், பந்தி முடியும்வரை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாக்களைப் போல ஆடினார்கள்.

"ஜெயிச்சாச்சு. ஆனா..." என்று தொடங்கினார் அண்ணாச்சி. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், தப்பித்தோம். அந்த அட்டையால் ரோஹிதாஸ் அரையிறுதியிலும் ஆட முடியவில்லை. ஜெர்மனியிடம் 2-3. வெண்கலத்தில் முடிந்தது.

இந்த ரோஹிதாஸ் யாரென்று அண்ணாச்சிக்கு யாரும் சொன்னதில்லை. பெனால்டி கார்னரில் இந்தியக் கோலிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவர். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம். எதிரே வட்டத்தின் விளிம்பிலிருந்து, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் டிராக் ஃபிளிக் வரும். பந்தின் எடை 160 கிராமை ஒட்டி, கல் மாதிரி இறுகியது. முதலில் ஓடுகிறவனின் வேலை அந்தப் பந்தைவிட்டு விலகுவதல்ல. அது வரும் வழிக்கே போவது. கணுக்காலிலோ தொடையிலோ விலாவிலோ வாங்கினாலும் கோல் தப்பியது என்று பொருள். இதைச் செய்ய உணர்ச்சி வேண்டுமா, உணர்ச்சி இல்லாதிருக்க வேண்டுமா என்று ஆக்கி தெரிந்தவர்களே இன்னும் முடிவுசெய்யவில்லை. அண்ணாச்சியால் முடிவுசெய்யவே முடியாது. ஏனென்றால் அந்த ஓட்டத்தின்போது அவர்கள் முகமூடி போட்டிருக்கிறார்கள். மூஞ்சி தெரிவதில்லை.

வீட்டில் அண்ணாச்சி எப்படி என்று விசாரித்தால் ஒரு தகவல் கிடைக்கும். மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்த செய்தியைச் சொன்னபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். பேரன் பிறந்ததற்கு "சரி" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தில் ஏதாவது தெரிந்தது இரண்டே தடவைதான் என்கிறார் அந்த வீட்டம்மா. இரண்டும் ஆக்கி. ஒன்று 1998. இன்னொன்று, 2023 ஆகஸ்ட் 12. சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி. அரை நேரத்தில் மலேசியாவிடம் 1-3 என்று இருந்தது, 45-ஆவது நிமிடம் ஒன்றிலேயே இரண்டு கோல் போட்டு, கடைசியில் 4-3. அன்றைக்கு அழுதாராம். கேட்டால் கண்ணில் தூசி என்றாராம், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த அறையில்.

போன கோடையில் உள்ளூர் ஆட்டம் ஒன்று. விடுதிப் பையன்கள் அணி ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். வாத்தியார் திரும்பிப் பார்த்தால் பக்கத்து இடம் காலி. அண்ணாச்சி கேலரிக்குப் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கடைசி நிமிடக் கார்னருக்கும் அவர் அங்கேதான் நிற்பார் என்பது அன்றுதான் வாத்தியாருக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாக அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு கைதட்டல்.

"என்னாச்சு வே?"

"சின்னப் பய ஒருத்தன் தொடையில வாங்கி நிப்பாட்டிட்டான் அண்ணாச்சி."

ஆட்டம் முடிந்ததும் அவர் வேலியோரம் போனார். அந்தப் பையன் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். பதினாறு வயது இருக்கும். முழங்காலுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. ஐஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அண்ணாச்சி அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேலிக் கம்பிக்குள்ளே கையை விட்டுக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை முழுசாக நீட்டினார்.

பையன் வாங்கிக்கொண்டு, "எப்படி ஆடுனோம் அண்ணாச்சி?" என்றான்.

"ம்" என்றார்.