கிளாஸ் சத்தம்

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் செவன்த் அவென்யூ சவுத்தில், படியிறங்கிப் போக வேண்டிய வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பில் எவன்ஸ் பியானோ வாசிக்கிறார். டபுள் பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். பிற்பகலில் இரண்டு செட், இரவில் மூன்று. ரிவர்சைட் கம்பெனிக்காக ஓரின் கீப்நியூஸ் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜாஸ் பியானோவில் இதற்கு மேல் அழகு இல்லை என்று பின்னால் பலர் சத்தியம் செய்யப்போகிற இசை. வந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பேசிக்கொண்டிருந்தார்கள். டேப்பே சாட்சி. கிளாஸோடு கிளாஸ் மோதுகிறது, யாரோ சிரிக்கிறார், பாட்டு முடிந்தால் கடமைக்குக் கை தட்டுகிறார்கள்.

தொண்ணூறுகளில் ஜெர்சி சிட்டியில் நான்கு பேர் வாடகையைப் பங்குபோட்டுக் குடியிருந்த வீட்டில், அந்த நாளின் ஒரு பகுதி கேசட்டாக என்னிடம் இருந்தது. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆல்பம். கும்பகோணத்து அறைத்தோழன் முதல் பாட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்: “என்னடா இது, ஹோட்டல்ல உக்காந்து ரெக்கார்டு பண்ணியிருக்கான்? இதைக் காசு குடுத்து வேற வாங்குவாங்களா?” அவன் கதவைச் சாத்திக்கொள்வான். எனக்கும் அந்தச் சத்தம் உபத்திரவம்தான். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டில் எவன்ஸ் ஒரு ஸ்வரக்கூட்டை வைத்துவிட்டு, அது கரையும்வரை அவசரப்படாமல் இருப்பார். மேஜைச் சத்தம் புகுந்துகொள்வது அந்த இடைவெளிகளில்தான். அந்த மேஜைக்காரர்கள் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று நான் யோசித்ததுண்டு.

டெபி, எவன்ஸின் அண்ணன் மகள். அவளுக்கான அந்த மெட்டை 1956-லேயே, ஒன்றரை நிமிடம்கூட இல்லாத தனி வாசிப்பாக, அவர் பதிவு செய்திருந்தார். வான்கார்டில் அது மூன்று பேருடையதாகிவிட்டது. அதற்குக் காரணம் லஃபாரோ.

அன்றைய வழக்கப்படி ட்ரியோ என்றால் பியானோ பேசும், பாஸ் ஆமாம் போடும். ஒரு பாருக்கு நான்கு அடி என்று சளைக்காமல் நடந்துகொண்டிருப்பதுதான் பாஸ்காரரின் உத்தியோகம். லஃபாரோ நடக்க மறுத்தார். கம்பியின் மேல்பகுதிக்கு ஏறிப்போய், பியானோவின் வாக்கியம் முடிவதற்குள் இடைமறித்துத் தன்னுடையதைச் சொன்னார். சில இடங்களில் பேச்சைக் கிளப்பிவிடுவதே அவர்தான், எவன்ஸ் பின்னால் வருகிறார். மோஷன் பிரஷ்ஷால் தாளத்தைச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே அதிகம். சமம் எங்கே என்று மூவரும் அடித்துக் காட்டுவதில்லை, மூவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் பேச மற்றவர் கேட்டு உடனே பதில் சொல்லும் இந்த வாசிப்பு, ஒருவரும் செவிகொடுக்காத அறையில் நடந்தது. பாஸ் தனியாக வாசிக்கையில் பேச்சு ஓயவில்லையே என்று வெள்ளைக்காரர்கள் கட்டுரை எழுதி வருந்துகிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேண்டீனுக்குப் போகிற நம் சபா ரசிகர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஜூலை 6-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் நடந்த கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25. பதிவாகி பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முதலில் வெளிவந்த ‘சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்’ அதனால் அவரை முன்னிறுத்தித் தொகுக்கப்பட்டது. அவர் எழுதிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’பில் தொடங்கி, அவர் எழுதிய ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடியும். மீதியிலிருந்து எடுத்ததுதான் 1962-இல் வந்த டெபி ஆல்பம். இன்று இரண்டும் ஜாஸ் கேட்கிற வீடுகளில் பூஜையறைக்கு அடுத்த அந்தஸ்தில் இருக்கின்றன. 2005-இல் ஐந்து செட்களையும் வாசித்த வரிசையிலேயே மூன்று சிடிகளில் முழுதாக வெளியிட்டார்கள். மின்சாரம் தடைப்பட்டு இடையில் அறுந்துபோன ‘குளோரியாஸ் ஸ்டெப்’பின் முதல் டேக்கும் அதில் உண்டு. ஒருகாலத்தில் கழித்துக்கட்டியதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினோம். நானும் வாங்கினேன்.

வான்கார்டுக்கு இப்போதும் போகிறேன். பாத் ரயிலில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடக்கும் தூரம். 1935-இல் மேக்ஸ் கார்டன் தொடங்கிய கிளப். அதே ஆப்பு வடிவ நிலவறை. சமையலறை மட்டும் கலைஞர்கள் இளைப்பாறும் இடமாகிவிட்டது. வாசிக்கும்போது பேசக்கூடாது, போன் கூடாது, போட்டோ கூடாது. போன முறை என் பக்கத்து மேஜைக்காரர் கிளாஸில் ஐஸைக் கலக்கினார். மூன்று மேஜைகள் திரும்பி அவரை முறைத்தன. நானும் முறைத்தேன். முறைத்த மேஜைகளில் குறைந்தது ஒன்றாவது அந்த 1961 ஆல்பத்தின் கிளாஸ் சத்தத்தை வீட்டில் உட்கார்ந்து உருகி உருகிக் கேட்டிருக்கும்.

கும்பகோணத்து நண்பன் இப்போது எடிசனில் வீடு வாங்கிவிட்டான். கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர், வால்வு ஆம்ப்ளிஃபையர், 180 கிராம் வினைல். யார் கொடுத்த கேசட்டில் தனக்கு இந்த ஞானம் பிறந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டு, எனக்கே பாடம் எடுக்கிறான். “இந்த பிரஸ்ஸிங்ல ரூமே தெரியும்டா. அந்த இடது மூலைல ஒரு அம்மா சிரிக்குது பாரு, இப்ப, இப்ப!” ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். மாடிப்படியில் அவன் மனைவியும் பெண்ணும் ஏதோ பேசிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கையை நீட்டி அதட்டினான்: “ஷ்! அவங்க பேசறது கேக்கணும்!”

“அவங்க மட்டும் பேசலாமாக்கும்?” என்று கேட்டுவிட்டு, முறுக்குத் தட்டை வேண்டுமென்றே ணங்கென்று மேஜையில் வைத்தார் அவன் மனைவி.