கோர்ட் வைத்த ஊர்

டேட்டன், டென்னசி

அன்புள்ள மாமாவுக்கு,

"போன ஊரில் கோர்ட் இருக்கிறதா?" என்று போனில் கேட்டீர்கள். ஆயுசெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் வேறென்ன கேட்பார்! இங்கே கோர்ட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

டேட்டன், ரே கவுண்டியின் தலைநகர். ஜனத்தொகை சுமார் 7,000. நம்மூர்த் தேரோட்டத்தில் செருப்பைத் தொலைப்பவர்களே இதைவிட அதிகம். முன்பு டென்னசி ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்ற ஊர்தான் தலைநகர். ரயில் டேட்டன் வழியாக ஓடத் தொடங்கியதும் கோர்ட்டும் ஆற்றை விட்டு இங்கே குடிவந்துவிட்டது. 1891இல் எழும்பிய செங்கல் கட்டடம் இன்றும் கோபுரத்தோடு நிற்கிறது. நிலக்கரியும் இரும்பு உலையும் ஊருக்குச் சோறு போட்டன. அவை படுத்ததும் ஊரும் படுத்தது.

1925இல் ஊர்ப் பெரியவர்கள் சிலர் மருந்துக்கடையில் கூடினார்கள். மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் சொல்லித்தரக் கூடாது என டென்னசி அப்போதுதான் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தைச் சோதிக்க முன்வரும் வாத்தியாருக்குத் துணை நிற்போம் என்று ஓர் உரிமைச் சங்கம் பேப்பரில் அறிவித்திருந்தது. கேஸ் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வியாபாரம் வரும் என்பது கணக்கு. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது வாத்தியாரை ஆள் விட்டு அழைத்து, குற்றவாளியாகச் சம்மதமா என்று கேட்டார்கள். சரி என்றவர் திரும்பவும் டென்னிஸ் ஆடப் போய்விட்டாராம். அந்தப் பாடம் அச்சான புத்தகத்தை விற்றது அதே மருந்துக்கடை. கடைக்காரரே பள்ளி போர்டுத் தலைவர். அவர் மேல் வழக்கில்லை, மாமா!

ஜூலையில் விசாரணை. மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அரசுத் தரப்பு. சிகாகோ வக்கீல் கிளாரன்ஸ் டாரோ எதிர்த்தரப்பு. பத்திரிகைக்காரர்கள், சிகாகோ ரேடியோ, கோட்டுப் போட்ட சிம்பன்சி எல்லாம் வந்து இறங்கின. கூட்டத்தின் கனத்தில் மாடி இடிந்துவிடும் என்று பயந்து நீதிபதி கோர்ட்டையே புல்வெளிக்கு மாற்றினார். அங்கே டாரோ, எதிர் வக்கீலான பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரிகளுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. கடைசியில் ஒன்பதே நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள். அபராதம் 100 டாலர். ஐந்தாம் நாள் இதே ஊரில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிய பிரையன் எழுந்திருக்கவில்லை.

மேல்கோர்ட் 1927இல் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், 50 டாலருக்கு மேல் அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும். இங்கே நீதிபதியே விதித்துவிட்டார். பக்கத்தில் உங்களைப் போல ஒரு குமாஸ்தா இருந்து முழங்கையால் இடித்திருந்தால் கதையே வேறு. சட்டம் மட்டும் 1967 வரை உயிரோடிருந்தது.

வியாபாரம் கூட்டத்தோடு போய்விட்டது. கேஸ் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. பிரையன் பெயரில் கல்லூரி இருக்கிறது. கோர்ட் வாசலில் 2005இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2017இல் டாரோவுக்கும் வைத்தார்கள், கொஞ்சம் எதிர்ப்போடு. வாதி வக்கீலும் பிரதிவாதி வக்கீலும் ஒரே புல்வெளியில். இரு தரப்புக்கும் ஃபீஸ் இல்லாமல் இடம் கொடுத்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

புதிதாக வந்தவனிடம் எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் எங்கள் சாமிக்கு மனித உடம்பு, யானைத் தலை என்றேன். விலங்கு, மனிதன் என்ற பேச்சு இந்த ஊரில் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். சட்டென்று மே மாத ஸ்ட்ராபெரித் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

ஜூலைத் திருவிழாவில் அந்த விசாரணையை நாடகமாகப் போடுவார்கள். விசா கிடைத்தால் வாருங்கள், முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். ஒரே நிபந்தனை: நடுவில் எழுந்து வாய்தா கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்